மூடிக் கிடந்த மாயா பேவுக்குப் புக்கெட்டில் எங்களிடம் பணம் வாங்கினார்கள்

ஆகஸ்ட், செப்டம்பரில் தாய்லாந்தின் புக்கெட் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் படகுக்குப் பணம் கட்டுங்கள். பி பி தீவுகளில் இருக்கும் மாயா பே கடற்கரையை ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடிவிடுவார்கள். தேசியப் பூங்காத் துறையின் உத்தரவு அது. அந்த ஊரில் படகு டிக்கெட் விற்கிற எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாது. 2024 செப்டம்பர் மூன்றாம் வாரம் அந்தக் கடற்கரையின் படத்தைக் காட்டித்தான் எங்களிடம் பணம் வாங்கினார்கள்.

நான், கணவர், ஏழு வயதுப் பையன், 63 வயதான என் அம்மா என நான்கு பேர் போனோம். புக்கெட்டின் படோங் கடற்கரைப் பகுதியில் தங்கியிருந்தோம். அந்தத் தெருக்களில் பத்தடிக்கு ஒரு டூர் கவுண்டர் இருக்கும். மேசை, நாற்காலி, பின்னால் பெரிய பலகை முழுக்கப் படங்கள். நாங்கள் போன கவுண்டரில் இருந்த பெண் நன்றாகப் பேசினார். ஸ்பீட் போட், அதிகபட்சம் 30 பேர், மாயா பே, பிலே லகூன், பாம்பூ தீவு, இரண்டு இடங்களில் ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு நீரில் மிதந்து பார்ப்பது), மதியச் சாப்பாடு, பூங்காக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்துப் பெரியவர்களுக்குத் தலைக்கு 1,500 பாட் (தாய்லாந்துப் பணம்), பையனுக்கு 1,200 என்றார். மொத்தம் 5,700 பாட். ஒரு பாட்டுக்கு இரண்டரை ரூபாய் என்று வைத்தாலும் பதினாலாயிரத்துக்கு மேல் வருகிறது.

நான் மூன்று கேள்விகள் கேட்டேன். சைவச் சாப்பாடு கிடைக்குமா? கிடைக்கும். பையனுக்கு அவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்குமா? எல்லா அளவும் இருக்கும். அம்மாவுக்கு இடுப்பில் பழைய வலி உண்டு, படகில் வரலாமா? "கவலையே வேண்டாம் மேடம், பெரிய படகு, குலுங்கவே குலுங்காது." இந்த மூன்றாவது பதிலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஒழுங்காகத் தொழில் செய்கிற படகுக்காரர்கள் முதுகுவலிக்காரர்களையும் கர்ப்பிணிகளையும் ஸ்பீட் போட்டில் ஏற்ற மாட்டார்கள், அதைத் தங்கள் அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள் என்பதை ஊருக்கு வந்தபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ரசீது என்று உள்ளங்கை அளவில் ஒரு தாள் தந்தார். ஹோட்டல் பெயர், அறை எண், தொகை, 'பி பி ஃபுல் டே'. அவ்வளவுதான். யாருடைய படகு, எந்தத் துறையில் ஏறுவது, உரிம எண் என்ன, எதுவும் அதில் இல்லை.

காலை ஏழரைக்கு வர வேண்டிய வேன் எட்டே காலுக்கு வந்தது. புக்கெட்டின் கிழக்குக் கரையில் ஒரு படகுத்துறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சட்டையில் ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதில் இருந்த பெயருக்கும் நாங்கள் பணம் கட்டிய கவுண்டருக்கும் சம்பந்தமே இல்லை. கவுண்டர்காரர் எங்களை ஒரு இடைத்தரகருக்கு விற்று, அவர் படகுக்காரருக்கு விற்றிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. கடைசிக் கைக்கு எங்கள் பணத்தில் எவ்வளவு போனதோ தெரியாது. அந்தக் கைதான் கடலுக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற கை.

துறையிலேயே கைடு பூங்காக் கட்டணம் கேட்டார். வெளிநாட்டவருக்குப் பெரியவர் 400 பாட், குழந்தை 200. கட்டணம் உண்மையானதுதான், பி பி தீவுகளுக்கு அதுதான் கணக்கு. ஆனால் அதையும் சேர்த்துத்தானே 5,700 கொடுத்திருந்தோம்? ரசீதைக் காட்டினால், "இதில் அப்படி எழுதவில்லையே" என்றார். எழுதவில்லைதான். 1,400 பாட் கொடுத்தோம். அதற்கு டிக்கெட்டும் தரவில்லை. ஃபின்ஸ் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வேண்டுமென்றால் ஆளுக்கு இன்னொரு 100 பாட் என்றார்கள், அதை வேண்டாம் என்று விட்டோம்.

படகில் நான் எண்ணினேன். 43 பயணிகள். கைடும் ஓட்டுநரும் போக இரண்டு பையன்கள். பின்பக்கம் நிழல் இருக்கிற இடமெல்லாம் நிறைந்துவிட்டது. கடைசியாக ஏறிய எங்களுக்கு முன்பக்க மூக்கில் இடம். ஸ்பீட் போட்டில் அலை வந்தால் முதலில் எழும்புவதும் கடைசியில் ஓங்கி விழுவதும் அந்த மூக்குதான். பின்னால் இருப்பவர் ஒரு குலுக்கல் வாங்கினால் முன்னால் இருப்பவர் பத்து அடி வாங்குவார்.

செப்டம்பர் என்பது அந்தமான் கடல் பக்கம் தென்மேற்குப் பருவமழை முழு வேகத்தில் இருக்கிற மாதம். மே முதல் அக்டோபர் வரை அப்படித்தான். படோங் கடற்கரையில் கடலில் இறங்கக் கூடாது என்ற சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்ததை முந்தின நாளே பார்த்தோம். கேட்டதற்கு, "அது மேற்குப் பக்கம், பி பி கிழக்குப் பக்கம், அங்கே கடல் குளம் மாதிரி இருக்கும்" என்று சமாதானம் சொன்னார்கள். துறையை விட்டு இருபது நிமிஷத்தில் அந்தக் குளம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு அலைக்கும் அம்மா இருக்கையை விட்டு எழும்பித் தொப்பென்று விழுந்தார். நான் எழுந்து ஓட்டுநருக்குக் கை காட்டினேன், வேகம் குறையவில்லை. "அம்மா, பின்னாடி போய் நின்னுக்கலாமா?" என்றேன். "நீ புள்ளயப் புடிச்சுக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். முகம் வெளுத்திருந்தது. பின்னால் இருந்த ஒரு மலேசியத் தம்பதி எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார்கள். அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

மாயா பே இருக்கும் பி பி லே தீவை நெருங்கியதும் கைடு மைக்கில், "இன்று மாயா பே மூடியிருக்கிறது, வெளியிலிருந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். 'இன்று' என்றார். எங்களைப் போலவே பாதிப் படகு அதற்காகத்தான் வந்திருந்தது. ஒருவர் ஏன் என்று கேட்டார். "அலை" என்று பதில். அலை இல்லை. 2018 ஜூனில் அந்தக் கடற்கரையை முழுவதுமாக மூடினார்கள். ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை வந்து, படகுகள் நங்கூரம் போட்டுப் போட்டுப் பவளப்பாறைகள் சிதைந்துபோயிருந்தன. 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் வரக்கூடாது, பின்பக்கம் லோ சாமா துறையில் இறங்கி நடந்துதான் வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். வருடத்தில் இரண்டு மாதம் மூடுவதும் அந்த ஏற்பாட்டில் ஒன்று. கரும்முனைச் சுறாக் குட்டிகள் அங்கே திரும்பி வந்திருக்கின்றன. அந்த இரண்டு மாதமும் மூடியே இருக்கட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூடியதை மறைத்துப் பணம் வாங்கியதுதான் மோசடி.

பிலே லகூன் அழகாகத்தான் இருந்தது. சுண்ணாம்புப் பாறைகள் சுற்றி நிற்க நடுவில் பச்சைத் தண்ணீர். பதினைந்து நிமிஷம். வைக்கிங் குகையைப் படகிலிருந்தே காட்டினார்கள். சூப்புக்கான பறவைக்கூடு எடுக்கும் இடம் என்பதால் யாரையும் உள்ளே விடுவதில்லை.

அப்புறம் ஸ்நார்க்கலிங். இந்தப் பதிவை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

ஒரு கூடை நிறைய மாஸ்க்கைக் கொட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். குழந்தை அளவு ஒன்றுகூட இல்லை. லைஃப் ஜாக்கெட்டும் பெரியவர்களுக்கானவை மட்டும். "சின்னது இல்லையா?" என்றால், "வாரை இறுக்கிக் கட்டுங்கள்" என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். பையன் இதற்காகத்தான் இரண்டு மாதமாகக் காத்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவர், "நான் கூடவே இருக்கேன்" என்று கூட்டிக்கொண்டு இறங்கினார்.

தண்ணீரில் இறங்கியதும் ஜாக்கெட் மேலே மிதந்தது, குழந்தை கீழே தொங்கினான். ஜாக்கெட்டின் தோள்பட்டை அவன் காது வரை ஏறி நின்றது. அதில் கால்களுக்கு நடுவே போடுகிற வாரும் இல்லை. பெரிய மாஸ்க்கில் ஓரமாகத் தண்ணீர் புகுந்து மூக்கு மூழ்கியது, அவன் பயந்து வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டான், அந்த நேரம் பார்த்து ஒரு அலை. இரண்டு வாய் கடல் தண்ணீர் குடித்தான். கணவர் ஒரு கையால் ஜாக்கெட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நீந்தப் பார்த்தார். நீரோட்டம் படகிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. நான் மேலிருந்து கத்தினேன். கைடு மறுபக்கம் ரொட்டித் துண்டுகளை வீசி மீன்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். பூங்காவுக்குள் மீனுக்குத் தீனி போடுவதே தடை. படகுப் பையன்களில் ஒருவன்தான் என் சத்தம் கேட்டுக் குதித்தான். அந்தப் பிள்ளைக்கு இருபது வயதுகூட இருக்காது, அவனை நான் மறக்கமாட்டேன். கயிறு கட்டிய மிதவையைப் போட்டு இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தான். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் இருக்கலாம்.

பையன் ஏணியில் ஏறி வந்து வாந்தி எடுத்தான். என் மடியிலேயே உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு பாம்பூ தீவில்கூட இறங்கவில்லை.

மதியம் பி பி டோன் தீவில் டோன்சாய் பக்கம் சாப்பாடு. சைவம் என்று தந்த ஃப்ரைட் ரைஸில் மீன் சாஸ். இது ஏமாற்று என்று சொல்லமாட்டேன், அங்கே சமையலில் அது உப்பு மாதிரி. 'வெஜிடேரியன்' என்பதைவிட 'ஜே' என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். இறைச்சி, மீன், முட்டை, மீன் சாஸ் எதுவும் இல்லாத உணவுக்கு அவர்கள் சொல் அது. கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக இருக்கும். நாங்கள் வாழைப்பழம் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை கவுண்டருக்குப் போனோம். அதே சிரிப்பு. வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார். மாயா பே மூடியிருக்கும் தேதிகளைச் சொன்னதும் சிரிப்பு போனது. "படகுக்காரரைக் கேளுங்கள்" என்றார். படகுக்காரர் எண்ணைக் கேட்டால் தரவில்லை. கணவர் அங்கேயே நின்றுகொண்டு சுற்றுலாப் போலீஸுக்கு 1155-இல் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசினார்கள். முதலில் கேட்டது உரிம எண். ரசீதில் இல்லை என்றதும், கவுண்டர் பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் தாய் மொழியில் பேச்சு. பூங்காக் கட்டணம் 1,400 பாட் திரும்ப வந்தது. மீதிக்கு நேரில் புகார் எழுதித்தர வேண்டும், அன்று மதியம் எங்களுக்கு விமானம். விட்டுவிட்டு வந்தோம். கிளம்புகிற நாளுக்கு முந்தின நாளில் படகுப் பயணத்தை வைத்தது எங்களுக்குத்தான் நஷ்டமானது. முதல் நாளோ இரண்டாம் நாளோ போயிருந்தால் புகாரோடு நிற்க நேரம் இருந்திருக்கும்.

ஊருக்கு வந்தபிறகு தேடிப் படித்ததில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. 2018 ஜூலை 5-ஆம் தேதி இதே புக்கெட் கடலில், வானிலை எச்சரிக்கை இருந்தும் கிளம்பிய ஃபீனிக்ஸ் என்ற படகு மூழ்கி 47 பேர் இறந்தார்கள். எல்லோரும் சீனச் சுற்றுலாப் பயணிகள், குழந்தைகளும் அதில் இருந்தார்கள். நாங்கள் போன மாதமும் அதே பருவமழைக்காலம்தான்.

இனி ஒரு முறை போனால் நான் முதலில் பார்ப்பது மாதத்தை. அந்தப் பக்கக் கடலுக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். அடுத்து, படகை யார் ஓட்டுகிறார்கள் என்று பெயரோடு கேட்பேன். சொல்லாத இடத்தில் பணம் கட்டமாட்டேன். அவர்களுடைய சுற்றுலா உரிம எண்ணும், 'பூங்காக் கட்டணம் உட்பட' என்பதும் ரசீதில் கையால் எழுதியாவது இருக்க வேண்டும். எழுதத் தயங்கினாலே பதில் தெரிந்துவிடும். வயதானவர்கள் கூட வந்தால் ஸ்பீட் போட்டே வேண்டாம். பி பி டோனுக்குப் பெரிய ஃபெர்ரி போகிறது, சுமார் இரண்டு மணி நேரம் ஆகும், முதுகு பிழைக்கும்.

குழந்தைக்கு ஜாக்கெட் போட்டதும் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாயைத் தாண்டிக் காதுக்கு ஏறினால் அது அவன் ஜாக்கெட் இல்லை, தண்ணீரில் இறக்காதீர்கள், எவ்வளவு அழுதாலும். மாஸ்க்கை வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுத்தால் அது அப்படியே ஒட்டி நிற்க வேண்டும். கையை எடுத்ததும் விழுந்தால் வேறு எடுங்கள். குழந்தை அளவு மாஸ்க்கை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போவது உத்தமம். சன்ஸ்கிரீன் பாட்டிலையும் திருப்பிப் பாருங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் போன்ற நான்கு வேதிப்பொருட்கள் உள்ளவற்றை 2021 ஆகஸ்டிலிருந்து தாய்லாந்துக் கடல் பூங்காக்களில் தடை செய்திருக்கிறார்கள். அபராதம் 1,00,000 பாட் வரை போகலாம். நாங்கள் பூசிக்கொண்டிருந்ததில் அவற்றில் ஒன்று இருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை, தசைப்பிடிப்புதான் என்றார் டாக்டர். ஆறு வாரம் பெல்ட் போட்டிருந்தார். இப்போது நடக்கிறார், நீண்ட நேரம் உட்கார்ந்தால் வலி வருகிறது. பையன் நீச்சல் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவன் அளவுக்கு ஒரு மாஸ்க் வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து, கணவர் முதலில் முகத்தை வைத்துக் காட்ட, அவன் பிறகு வைக்கிறான். போன வாரம் பத்து எண்ணும் வரை இருந்தான்.