குதிகாலா, பாத ஓரமா? ஹீல் அண்ட் டோ பழக எது வசதி

பிரேக்கை விடாமல், அதே வலது காலால் ஆக்சிலரேட்டருக்கும் ஒரு தட்டு கொடுத்துக் கியரைக் குறைப்பதுதான் ஹீல் அண்ட் டோ. அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முன்பாதத்தைப் பிரேக்கில் வைத்துக் குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தொடுவது. இன்னொன்று, பெருவிரல் மேட்டைப் பிரேக்கில் வைத்து, பாதத்தின் வலது ஓரத்தைச் சாய்த்துத் தொடுவது. இரண்டையும் என் ஹேட்ச்பேக்கில் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவதில் நிலைத்துவிட்டேன்.

எதற்கு இந்தப் பாடு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல சின்ன கார்களில் அதே வேகத்தில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு வந்தால் எஞ்சின் சுற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2000 சுற்று) சுமார் 3000 ஆக வேண்டும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோமெஷ் பல்சக்கரங்களின் வேகத்தைத்தான் சரிசெய்யும். எஞ்சினை அந்த வேகத்துக்கு ஏற்றுவது ரேஸ் கொடுக்கும் கால், இல்லையென்றால் கிளட்ச் பிளேட். பிளேட்டின் தலையில் கட்டினால் அது தேயும், வண்டி வெட்டி இழுக்கும். வளைவுக்குள் நுழையும் நேரத்தில் அந்த இழுப்பு டயர்களின் பிடிப்பையும் தின்றுவிடும்.

குதிகால் முறையில் பாதத்தைக் குறுக்கே திருப்ப வேண்டும். உயரமானவர்களுக்கு முழங்கால் உள்பக்கம் போய் ஸ்டீயரிங்குக்கு அடியில் இடிக்கும். அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். எனக்கு ஒத்துவராதது வேறு: குதிகால் தரையை விட்டு எழும்பிவிடுகிறது. பிறகு காலின் எடை முழுவதும் பிரேக் மேல்தான். ஆக்சிலரேட்டரைத் தட்டக் குதிகாலைக் கீழே இறக்கும்போது முன்பாதமும் சேர்ந்து அழுத்துகிறது, இல்லையென்றால் பிடியை விடுகிறது.

என் கணக்கில் எல்லாமே இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது: ரேஸ் கொடுக்கும் அந்த நொடியில் பிரேக் அழுத்தம் மாறக் கூடாது. சுற்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கிளட்ச் சமாளித்துவிடும். ஆனால் பிரேக் அழுத்தம் திடீரென்று கூடினால் பின்னால் வருபவருக்கு ஆபத்து, குறைந்தால் நமக்கு ஆபத்து. சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்டும்போதெல்லாம் அவர் தலை முன்னே போய் வந்தால் பிரேக் கால் இன்னும் பழகவில்லை என்று பொருள். இதைச் சரிசெய்யாமல் ஆர்பிஎம் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பயிற்சி நகராது.

பாத ஓர முறையில் குதிகால் இரண்டு பெடலுக்கும் நடுவே தரையிலேயே ஊன்றியிருக்கும். பெருவிரல் மேடு பிரேக்கின் வலது விளிம்பில் அப்படியே நிற்க, கணுக்காலும் முழங்காலும் லேசாக வலப்பக்கம் சாயும், அவ்வளவுதான். ஊன்ற இடம் இருப்பதால் பிரேக் பிடி கலைவது மிகவும் குறைவு. கதவுக்குள் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வைத்தால்கூட முழங்கால் அதில் தட்டும், அதை மட்டும் அப்புறப்படுத்திவிடுங்கள்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு, அது பெடல்களின் உயர வித்தியாசம். சாதாரணக் கார்களில் பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரைவிட மேலே நிற்கும். ஊருக்குள் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது அது போதுமான அளவு கீழே இறங்காது, சாய்த்த பாதம் அந்தரத்தில் நிற்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நேர்பாதை முடிவில் அழுத்திப் பிடித்தால் பிரேக் தாழ்ந்து இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். வேகமாகப் போனால் வருவது மெதுவாகப் போனால் வராததற்குக் காரணம் இதுதான், உங்கள் கால் அல்ல.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, வழக்கமாக நிறுத்தும் அளவுக்குப் பிரேக்கை அழுத்திக் கீழே குனிந்து பாருங்கள். எஞ்சின் ஓடுவது முக்கியம். அணைந்த வண்டியில் இரண்டு மூன்று முறை மிதித்தால், நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், அந்த அளவை நம்ப முடியாது. பிரேக் இன்னும் மிக உயரமாகவே நின்றால் உங்களுக்குக் குதிகால் முறைதான் வசதி. மேலிருந்து தொங்கும் ஆக்சிலரேட்டரில் கீழ்முனை கீலிலிருந்து தூரத்தில் இருப்பதால் குதிகால் லேசாகத் தொட்டாலே போதும். தரையில் கீல் உள்ள பெடலில் கதை தலைகீழ்: அடிப்பகுதி நகரவே நகராது, அங்கே பாத ஓரம்தான்.

ஆக்சிலரேட்டர் மேல் அகலமான தகடு பொருத்துவதையும் சிலர் சொல்வார்கள். பதறிப் பிரேக் அடிக்கும் நேரத்தில் இரண்டையும் சேர்த்து மிதித்துவிடும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் வீட்டில் பலர் ஓட்டும் காருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: முதலில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து, அப்புறம் ரேஸ் கொடுத்துக் கியரைக் குறைப்பது. சமதளச் சாலைக்கு இது தாராளமாகப் போதும், முதலில் பழக வேண்டியதும் இதுதான். இறக்கத்தில் மட்டும் காலை எடுத்த நொடியில் வண்டி வேகம் பிடித்துவிடும். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும்போது மேலேயே இரண்டாம் கியரைப் போட்டு அதிலேயே வருவது நல்லது. எங்காவது மூன்றுக்குப் போய்விட்டு அடுத்த வளைவு கிட்டே வந்துவிட்டால்தான் ஹீல் அண்ட் டோ உண்மையிலேயே கைகொடுக்கிறது.

பழக ஆளில்லாத நேர்சாலை, மெல்லிய அடியுள்ள ஷூ, கொக்கியில் மாட்டிய தரைவிரிப்பு போதும். செருப்பு வேண்டாம். நிற்கும் வண்டியில் பிரேக்கை அழுத்தியபடி ரேஸ் கொடுத்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து மிதித்தால் எஞ்சினை அடக்கிவிடும் மென்பொருள் சில புதிய கார்களில் இருக்கிறது. உங்கள் காரில் அது குறுக்கிட்டால் குதிகால், பாத ஓரம் இரண்டுமே பலிக்காது. நான் சொன்னதெல்லாம் முன்சக்கர இழுவைக் கார்களை வைத்து. பின்சக்கர இழுவையில் எனக்கு ஓட்டம் குறைவு. அங்கே ரேஸ் போதாமல் கிளட்சை விட்டால் பின்சக்கரம் வழுக்கக்கூடும் என்பதால், ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள்.