சேலத்துலருந்து பஸ்லயே போய் ஆத்தங்கரையில நடக்கறது: நாலு வருஷ அனுபவம்

சுகர் வந்ததுக்கப்புறம் டாக்டர் தினமும் நடங்கன்னு சொன்னாரு. தினமும் நடக்கறது மொட்டை மாடியில, அது ஒரு கணக்கு. ஆனா மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை நானும் வீட்டம்மாவும் பஸ் ஏறிப் போய் ஆத்தங்கரையா பாத்து நடந்துட்டு வர்றதுன்னு 2021 கடைசியில ஆரம்பிச்சோம், இன்னிக்கு வரைக்கும் விடல. எங்ககிட்ட கார் இல்ல, டூவீலர்ல அவ்ளோ தூரம் போக முதுகு ஒத்துழைக்காது, அதனால இதுல சொல்ற எல்லாமே பஸ்ல போய் பஸ்ல வந்ததுதான். எனக்கு ரெண்டு முட்டியும் வலி உண்டு, அதனால ஈஸின்னு நான் சொன்னா நெஜமாவே ஈஸி.

நாங்க இருக்கறது அம்மாப்பேட்டை. அணைமேட்டுப் பக்கம் போனா திருமணிமுத்தாறு இருக்கு. ஊருக்கு நடுவுல ஆறு ஓடுற ஊர்தான் நம்மளது, சுகவனேஸ்வரர் கோவிலே அந்த ஆத்தங்கரைக் கோவில்தான், ஆனா மூக்கைப் பொத்திக்காம அது பக்கத்துல அஞ்சு நிமிஷம் நிக்க முடியுமா சொல்லுங்க. அதான் அம்பது கிலோமீட்டர் பஸ்ல போறோம்.

மொதல்ல போனது மேட்டூர். எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்பாங்க. புது பஸ் ஸ்டாண்டுல ஓமலூர், மேச்சேரி வழியா வண்டி அடிக்கடி இருக்கு, ஒன்றரை மணி நேரம் வச்சுக்கோங்க. பஸ் ஸ்டாண்டுலருந்து அணைக்கு டவுன் பஸ்ஸும் இருக்கு, நாங்க நடந்துருவோம், என் வேகத்துக்கு அரை மணி நேரம். அணைப் பார்க்குக்குள்ள நிழல் நல்லா இருக்கும், பாதையும் சமதளம்தான். அங்கருந்து அணை முனியப்பன் கோவில் பக்கமா வந்து காவிரிப் பாலத்துல நின்னு தண்ணியப் பாத்துட்டு, மீன் வறுக்கற கடையில ஒரு பிளேட்டு வாங்கிட்டு (நடந்ததெல்லாம் அதுலயே போச்சுன்னு வீட்டம்மா சொல்லும்) திரும்பிருவோம். குறைன்னா ஞாயித்துக்கிழமை முனியப்பன் கோவில்ல கெடா வெட்டற கூட்டம், அடுப்புப் புகை, குடிச்சிட்டு வர்ற ஆளுங்க. காலையில ஒம்போது மணிக்குள்ள அங்க இருந்தீங்கன்னா நிம்மதி, பதினோரு மணிக்கு மேலன்னா அது வாக்கிங் இல்ல, திருவிழா.

மேட்டூர்ல இன்னொன்னு, தண்ணி எவ்ளோன்னு பாக்காம போகாதீங்க. 2024 ஜூன்ல நாங்க போனப்போ அணை காஞ்சு கெடந்துச்சு, வழக்கமா ஜூன் 12ல டெல்டாவுக்கு திறக்கற தண்ணிய அந்த வருஷம் திறக்கவே முடியல. தண்ணி ரொம்ப இறங்கிட்டா பண்ணவாடியில முழுகிக் கெடக்கற நந்தி சிலை வெளிய தெரியும், ஊரே அதப் பாக்கப் போகும். அதே வருஷம் ஜூலை முடியறதுக்குள்ள 120 அடி நிரம்பி, லட்சம் கன அடிக்கு மேல தண்ணி போய், உபரித் தண்ணி வெளிய போற பதினாறு கண் பாலத்துப் பக்கம் ஜனம் அலைமோதுச்சு. அந்த மாதிரி நேரத்துல கரையோரம் எறங்கவே விட மாட்டாங்க, நாமளும் எறங்கக் கூடாது. நாங்க எந்த ஊருக்குப் போனாலும் தண்ணிக்குள்ள எறங்கறதில்ல, கால் நனைக்கறதுகூட படித்துறை இருந்தா மட்டும்தான்.

சரி, நான் இதை எழுதவே காரணம் பூலாம்பட்டி. குட்டி கேரளான்னு சொல்லி சொல்லியே அந்த ஊர்ல இப்ப கூட்டம் ஜாஸ்தி ஆயிடுச்சு, ஆனாலும் சேலத்துக்காரனுக்கு இதவிட நல்ல ஆத்தங்கரை இல்லன்னுதான் சொல்வேன். அங்க கதவணை கட்டி தண்ணிய தேக்கி கரன்ட் எடுக்கறாங்க, அதனால காவிரி அங்க ஓடற மாதிரியே இருக்காது, ஏரி மாதிரி ரொம்பி நிக்கும், மலை அப்படியே தண்ணிக்குள்ள தெரியும். எடப்பாடி போய் அங்கருந்து டவுன் பஸ் மாறணும். எடப்பாடிக்கு புது பஸ் ஸ்டாண்டுல வண்டி இருக்கு, கொங்கணாபுரம் வழியா போறதுல ஏறினா சனிக்கிழமை மட்டும் வேணாம், அன்னிக்கு கொங்கணாபுரத்துல ஆட்டுச் சந்தை, ரோடே நகராது. எடப்பாடிலருந்து டவுன் பஸ்ல வீட்டம்மாவுக்கு டிக்கெட் ஃப்ரீ, எனக்கு மட்டும் காசு, அந்த அரை மணி நேரமும் அது முகத்துல ஒரு சிரிப்பு இருக்கும் பாருங்க.

ஊர்ல எறங்கினா படகுத்துறை பக்கத்துலயே. கரையோரமா கதவணைப் பக்கம் நடந்து போய் திரும்பினா எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், மேடு பள்ளம் கிடையாது, முட்டிக்கு வேலையே இல்ல. பாதி தூரம் நிழல் இருக்காது, அதனால குடை கண்டிப்பா. தொப்பி போட்டுப் பாத்தேன், காத்துல ஆத்துக்குள்ள போயிருச்சு.

ஆனா ரெண்டு வருஷம் நான் ஒரு தப்பு பண்ணிட்டிருந்தேன். போன வழியிலயே திரும்பறது. எடப்பாடி டவுன் பஸ்ஸு எப்ப வரும்னு வாட்சப் பாத்துக்கிட்டே நடக்கறது, பாதி வாக்கிங் அந்த டென்ஷன்லயே போயிரும். ஒரு நாள் சாயங்காலம் மீன் கடையில உக்காந்து கதை பேசிட்டு பஸ்ஸ விட்டுட்டேன், முழுக்க என் தப்புதான். அடுத்தது எப்பன்னு தெரியாம துறையில நின்னுட்டிருக்கோம், படகுக்கார பெரியவர் ஒருத்தர் "ஏங்க சார் இங்கயே நிக்கறீங்க, ஏறுங்க, அக்கரைக்குப் போனா மேட்டூர் வண்டி வந்துக்கிட்டே இருக்கும்"னாரு. நாங்க அது வரைக்கும் படகுன்னா சுத்திப் பாக்கறவங்க ஏறறதுன்னே நெனச்சிருந்தோம்! எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம், பவானி மேட்டூர் மெயின் ரோடு அந்த ஊர் வழியாத்தான் போகுது. அந்த ஊர் ஜனம் ஸ்கூலுக்கும் சந்தைக்கும் டெய்லி அந்தப் படகுலதான் வந்து போகுதுங்க, பைக்கையே ஏத்திக்கிட்டு.

அன்னிலருந்து எங்க ரூட்டே மாறிப்போச்சு. காலையில எடப்பாடி வழியா பூலாம்பட்டி, நடை, சாப்பாடு, படகு, நெரிஞ்சிப்பேட்டையில கொஞ்சம் நடந்து ரோட்டுக்கு வந்து பஸ், மேட்டூர், அங்கருந்து சேலம். ஒரே ரவுண்டு, வந்த ரோடு மறுபடி கிடையாது. படகுக்கு சில்லறையா வச்சுக்கோங்க. ஒரு காமெடி, அந்த ரோட்டுலயும் பவானிப் பக்கமா ஒரு அம்மாப்பேட்டை இருக்கு, ஒரு தடவ பவானி வண்டியில போனப்போ கண்டக்டர் "அம்மாப்பேட்ட எறங்கு"ன்னு கத்தினதும் தூக்கக் கலக்கத்துல வீட்டம்மா பையத் தூக்கிட்டு எந்திரிச்சிருச்சு.

இந்த ரூட்டுல ஒரே ரிஸ்க்கு, ஆத்துல வெள்ளம் வந்தா படகு ஓடாது, கதவணை வேலைக்காக தேக்கின தண்ணிய வெளிய விட்டாலும் ஓடாது. ரெண்டு தடவ அப்படி ஏமாந்திருக்கோம். அதனால துறைக்குப் போனதும் முதல் வேலை படகு ஓடுதான்னு பாக்கறது, ஓடலன்னா எடப்பாடி பஸ் டைம கேட்டு வச்சுக்கறது. பொம்பளைங்க கூட வந்தா டாய்லெட் விஷயத்த எடப்பாடி பஸ் ஸ்டாண்டுலயே முடிச்சுக்கறது நல்லது, கரையில நம்பாதீங்க.

பவானி கூடுதுறை மூணு தடவ போயிருக்கோம். குமாரபாளையத்துல எறங்கி பழைய பாலத்து மேல நடந்து பவானி போறது நல்லா இருக்கும், ஆனா கூடுதுறை நடக்கற இடம் இல்ல, அமாவாசைன்னா தர்ப்பணக் கூட்டத்துல நகரவே முடியாது. கோயம்புத்தூர் வண்டியில ஏறினா ஊருக்குள்ள போகுமா பைபாஸ்ல எறக்கி விடுமான்னு கேட்டுட்டு ஏறுங்க. தேவூர் பக்கம் கல்வடங்கம் அமைதியா இருக்கும், ஆடிப்பெருக்கு அன்னிக்கு மட்டும் அந்தப் பக்கமே போயிராதீங்க.

ஏற்காட்டுக்கும் போவோம், அங்க ஆறு இல்லயேன்னு கேப்பீங்க. ஏரியச் சுத்தி நடக்கறது ஈஸி, பஸ்ஸும் அது பக்கத்துலயே நிக்கும். கிளியூர் அருவிக்கு எறங்கற படிக்கட்டு எறங்கும்போது ஜாலி, ஏறும்போது எனக்கு மூணு நாள் லீவு வேணும். இருவது கொண்டை ஊசி வளைவு இருக்கு, வாந்தி வர்றவங்க முன் சீட்டு, எலுமிச்சம்பழம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எறங்கற பஸ்ல உக்கார எடம் கிடைச்சா உங்க அதிர்ஷ்டம், மே மாசம் நான் போறதே இல்ல.

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் அடிச்சப்போ ஏற்காட்டுல பேஞ்ச மழையில மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு ரோட்ட மூடிட்டாங்க, அந்த மலைத்தண்ணி எல்லாம் நம்ம திருமணிமுத்தாத்துல எறங்குச்சு. காலையில சத்தம் கேட்டு ரெண்டு பேரும் அணைமேட்டுக்குப் போனோம். செவப்பா, கரைய தொட்டுக்கிட்டு ஓடுது. நாத்தமே இல்ல. பக்கத்துல நின்ன ஒரு பாட்டி, சின்ன வயசுல இங்கதான் துணி தொவைப்போம் கண்ணுன்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னுச்சு. நாங்களும் ஒரு மணி நேரம் நின்னோம், வீட்டுக்கு வர மனசே இல்ல.

அந்த வாரக் கடைசியில போய்ப் பாத்தா பழையபடி கறுப்பா ஓடிட்டிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை எடப்பாடி பஸ்ஸு ஏறிட்டோம்.