புல்லிக்கு 4 ஸ்டார், கூட வந்த புல்லருக்கு பூஜ்யம்

டப்பாவ பிரிச்சதும் "இதுக்கா இவ்ளோ பேச்சு"ன்னுதான் தோணுச்சு. உள்ளங்கைல அடங்கற ஒரு உலோக வளையம், ஓரத்துல பெல்ட் ஓட ஆறு வரி, அவ்ளோதான். 15% சின்ன சூப்பர்சார்ஜர் புல்லி. சூப்பர்சார்ஜர்ங்கறது பெல்ட்ல ஓடி என்ஜினுக்குள்ள காத்த அதிகமா தள்ற பம்ப், புல்லி சின்னதானா அது இன்னும் வேகமா சுத்தும். போட்டு எட்டு மாசம் ஆச்சு, வண்டி இன்னும் ஒழுங்கா ஓடுது, அதனால தைரியமா எழுதறேன்.

வண்டி மினி கூப்பர் எஸ், ஆர்53, 2005 மாடல். 1.6 லிட்டர், கம்பெனி கணக்குல 170 குதிரை. நான் புல்லி ஆர்டர் போட்டப்ப ஓடோமீட்டர் 2,10,000 கி.மீ தாண்டியிருந்துச்சு. இந்த வயசுல எதுக்குப்பா இந்த வேலைன்னு கேக்கறவங்களுக்கு, சூப்பர்சார்ஜர் கத்தற சத்தம் ஒரு தடவை காதுல ஏறிடுச்சுன்னா இறங்காது, வேற காரணம் ஒண்ணும் இல்ல.

எதுக்கு 15% புல்லி, ஏன் 17%, 19% இல்லன்னு நிறைய பேர் கேப்பீங்க. இந்த வண்டில இருக்கற சூப்பர்சார்ஜர் ஈட்டன் எம்45, அந்த 45ங்கறது உள்ள சுத்தற ரோட்டர் ஒரு சுத்துக்கு தள்ளற காத்து கன அங்குலத்துல, அதாவது முக்கால் லிட்டருக்கு கொஞ்சம் கம்மி. புல்லி 15% சின்னதானா ரோட்டரும் 15% வேகமா சுத்தும்னு நினைக்கறோம்ல, அது தப்பு, 1ஐ 0.85ஆல வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 17.6% வருது. 19% புல்லின்னா 23%க்கு மேல போயிடும். இது ரூட்ஸ் டைப், உள்ளுக்குள்ள காத்த அமுக்கறது கிடையாது, சும்மா அள்ளி அள்ளி மேனிஃபோல்டுக்குள்ள, அதாவது என்ஜினுக்கு காத்து போற குழாய்க்குள்ள தள்ளும், அழுத்தம் அங்க போய்தான் உண்டாகும், அதனால வேகம் ஏற ஏற சூடும் சேர்ந்து ஏறும். சூடான காத்து போனா நாக் வரும், அதாவது பெட்ரோல் தானா வெடிச்சு என்ஜின் தட்டும், நாக் வந்தா ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) டைமிங்க, அதாவது ஸ்பார்க் அடிக்கற நேரத்த பின்னாடி இழுத்துடும், அப்புறம் மீட்டர்ல பூஸ்ட் (கூடுதல் காத்தழுத்தம்) இருக்கும், சக்கரத்துல ஒண்ணும் இருக்காது. தேஞ்ச என்ஜின்ல இதெல்லாம் இன்னும் சீக்கிரமா வந்து நிக்கும். போதாததுக்கு புல்லி சின்னதாக ஆக பெல்ட் அதைப் பிடிக்கற நீளமும் குறையும், வழுக்க ஆரம்பிக்கும். எனக்கு 15 போதும்னு விட்டுட்டேன்.

இப்ப உண்மைய சொல்றேன், புல்லி மாட்டினது ஒரு மதியம், அதுக்கு முன்னாடி செஞ்ச வேலைதான் மூணு வாரம். முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காத்த எவ்ளோ இறுக்கமா அமுக்குதுன்னு பாக்கறது, என்ஜின் சூடா இருக்கறப்ப, த்ராட்டில முழுசா திறந்து வச்சு. நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு 10%க்குள்ளதான் இருந்துச்சு. அது சரியா வரலைன்னா புல்லிய டப்பாவோட திருப்பி அனுப்பியிருப்பேன், ஏன்னா உள்ள ரிங் தேஞ்சு போன என்ஜின்ல மேல காத்த ஏத்தி என்ன பிரயோஜனம்.

அடுத்து சூப்பர்சார்ஜர் ஆயில். இத மட்டும் தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. என்ஜின் ஆயில் வேற, இது வேற, சார்ஜரோட ரெண்டு முனைலயும் தனித்தனியா கொஞ்சம் கொஞ்சம் ஆயில் இருக்கும், மாத்தறதுக்குன்னு எந்த கணக்கும் சர்வீஸ் அட்டவணைல கிடையாது. இந்த வண்டில வாட்டர் பம்ப் ஓடறதே சார்ஜர்ல புல்லிக்கு எதிர்ப்பக்க முனைல இருக்கற கியர்லதான். அந்த ஆயில் காஞ்சு கியர் பல்லு தேஞ்சுதுன்னா வாட்டர் பம்ப் நின்னுடும், என்ஜின் வெந்துடும். நான் பம்ப் பக்கத்து பிளக்க கழட்டி ஒரு பழைய மூடிய கீழ பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன், ஒரு நிமிஷம் ஆச்சு, ரெண்டு நிமிஷம் ஆச்சு, ஒண்ணும் சொட்டல. விரல விட்டுப் பாத்தா கறுப்பா மை மாதிரி ஒரு பிசுக்கு, நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம், செத்த எலிய தேடற மாதிரி வீட்ல எல்லாரும் மூக்க பிடிச்சுட்டு வந்து நின்னாங்க. நல்லவேளை கியர் பல்லு முழுசா இருந்துச்சு. இந்த நிலைல ரோட்டர 17% வேகமா சுத்த விட்டிருந்தா இந்த ரிவ்யூ வேற மாதிரி இருந்திருக்கும்.

கிராங்க் புல்லியும் (என்ஜினோட முக்கிய தண்டுல உக்காந்து பெல்ட்ட ஓட்டறது) மாத்தினேன், அதுக்கு நடுவுல ஒரு ரப்பர் வளையம் இருக்கு, அதிர்வ வாங்கிக்கறதுக்கு. வருஷம் போகப் போக ரப்பர் வெடிச்சு வெளி வளையம் கழண்டு வந்துடும். என்னோடதுல கோடு கோடா விரிசல் விழுந்திருந்துச்சு. லேசா இருக்கட்டும்னு ரப்பரே இல்லாத புல்லி போடச் சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, கிராங்குக்கு அந்த ரப்பர் தேவை. ஸ்பார்க் பிளக் ஒரு படி கூலா இருக்கறது போட்டேன், என்ஜிகேல நம்பர் ஏறினா கூல்னு அர்த்தம், 6 இருந்த இடத்துல 7. பெல்ட் டென்ஷனர் புதுசு. அளவு கொஞ்சம் குட்டையான பெல்ட்டும் போட்டேன், ஆனா அது மட்டும் பின்னாடிதான்.

இப்ப அந்த புல்லர். பழைய புல்லி தண்டுல இறுக்கி அடிச்சு ஏத்தினது, சும்மா வராது, இழுக்க தனி டூல் வேணும், அதையும் சேர்த்தே ஒரு செட்டா வித்தாங்க. சரின்னு வாங்கினேன். வலது பக்க சக்கரத்த கழட்டி, என்ஜினுக்கு கீழ ஜாக்கி கொடுத்து, மவுண்ட்ட அவுத்து, என்ஜின கொஞ்சம் இறக்கி, அந்த சந்துல கைய விட்டு புல்லர மாட்டி ரெண்டு சுத்து சுத்தறேன், படக்குன்னு ஒரு சத்தம். புல்லி வந்துடுச்சுன்னு சந்தோஷமா பாத்தா புல்லரோட பிடி விரிஞ்சு போயிருக்கு, புல்லி அங்கயே இருக்கு, ஓரத்துல வேற பல்லுபட்டு சிதைஞ்சிருக்கு. வித்தவங்களுக்கு போட்டோ அனுப்பினா "நீங்க தப்பா யூஸ் பண்ணியிருக்கீங்க"ன்னு ஒரு வரி பதில், அதோட சரி. கடைசில தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட கெட்டியான புல்லர் இரவல் வாங்கி, ஹீட் கன்ல புல்லிய சூடு பண்ணி இழுத்தேன், வெண்ணெய் மாதிரி வந்துச்சு. புது புல்லிய அவன்ல சூடு பண்ணி ஏத்தினது பத்து செகண்ட் வேலை.

ஓட்டறதுக்கு எப்படி? முன்னாடி மேல் ஆர்பிஎம்ல முக்கால் பார் காட்டின பூஸ்ட் கேஜ் இப்ப 1 பார கிட்ட தொடுது. 4000க்கு மேலதான் வித்தியாசம் நல்லா தெரியும், மூணாவது கியர்ல ஓவர்டேக் பண்றப்ப மூச்சு வாங்கற மாதிரி இருந்த இடம் காணாம போச்சு, விசில் சத்தமும் ஒரு சுருதி ஏறியிருக்கு. ஆனா இதனாலேயே 200 குதிரை ஆயிடும்னு விக்கறவங்க சொன்னா நம்பாதீங்க, ஜான் கூப்பர் வொர்க்ஸோட ட்யூனிங் செட்டே சின்ன புல்லியோட சேர்த்து ஹெட், எக்ஸாஸ்ட், ஈசியு எல்லாம் மாத்திதான் 200க்கு வந்துச்சு. வெயில் நாள்ல டிராஃபிக்ல நின்னு நின்னு போறப்ப, சார்ஜர்ல இருந்து வர்ற காத்த குளிர வைக்கற இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலயே உக்காந்திருக்கறதால அது சூட்டுல ஊறிடும், அப்ப பழைய வண்டி மாதிரிதான் இருக்கும், ஒரு ரெண்டு கிலோமீட்டர் காத்தோட ஓடினா திரும்பி வந்துடும். வண்டி கம்ப்யூட்டர படிக்கற ஓபிடி ரீடர மாட்டி டைமிங்க பாத்துட்டேதான் முதல் மாசம் ஓட்டினேன், நல்ல ஆக்டேன் பெட்ரோல் போட்டா பின்னாடி இழுக்கல, சாதா பெட்ரோல் ஒரு தடவை போட்டேன், மேல் ஆர்பிஎம்ல உடனே இழுத்துச்சு.

ஒரு ஸ்டார் எதுக்கு குறைச்சேன்னா, எந்த அளவு பெல்ட் வேணும்னு டப்பால ஒரு துண்டு சீட்டு கூட கிடையாது, நான் முதல்ல பழைய பெல்ட்டையே போட்டு அது வழுக்கி சுத்திலும் கறுப்பு தூளா கொட்டினதுக்கப்புறம்தான் புரிஞ்சுது. இப்ப போன வாரம் டார்ச் அடிச்சுப் பாத்தேன், தூள் இல்ல. விரிஞ்ச புல்லர் ஷெட்ல ஆணில தொங்குது, யாருக்காவது வேணும்னா சும்மாவே தரேன்.