அம்மாவின் செவிக்கருவியும் அதன் பேட்டரி மூடியும்: மூன்றாண்டு அனுபவம்

அம்மாவின் வலது காதுக் கருவி பதினாறு நாட்களுக்குப் பிறகு நேற்றுதான் சென்னையிலிருந்து பழுது நீங்கி தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. அதே வாரத்தில் அலுவலகத் தோழி ஒருவர், தம் அப்பாவுக்கு எந்தக் கருவி வாங்கலாம் என்றும், அதற்கு முன் அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விதான் பெரியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் முதல் அடையாளம் குக்கர் விசில்தான். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே விசிலை எண்ணி அடுப்பை அணைக்கும் பழக்கமுள்ள அம்மா, 2021-இல் இரண்டு முறை பருப்பைக் கரிய விட்டார். அதை மறதி என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். தம்பி பேசினால் புரிந்துகொள்பவர், என் மகள் பேசினால் சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டிவிடுவார். "வேண்டியது மட்டும் நல்லாக் கேக்கும் உங்களுக்கு" என்று அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. வயதால் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளையே முதலில் கொண்டுபோகிறது. கனமான உயிரொலிகள் காதில் விழும். ச, த, ப போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவும். குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் அதிகம் குழம்பும். "சத்தம் கேக்கு, பேச்சுதான் வெளங்க மாட்டேங்கு" என்று அம்மா பலமுறை சொன்னது முழு உண்மை. அதை நோயின் விவரமாகக் கேட்காமல் சாக்காகக் கேட்டது எங்கள் தவறு.

சம்மதிக்க வைக்க நான் எடுத்த முதல் வழி படுதோல்வியில் முடிந்தது. தடுக்கக்கூடிய மறதிநோய்க் காரணிகளுள் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2020-இல் செவிக்குறைவையும் சேர்த்திருந்ததைப் படித்து, அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "எனக்குப் புத்தி கெட்டுப் போகும்னு சொல்லுதியா, ஏட்டி?" என்று கேட்டவர், அதன் பிறகு ஆறு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. பின்னர், எனக்கே காதில் இரைச்சலாக இருக்கிறது, துணைக்கு வாருங்கள் என்று அழைத்துப் போனேன்; இரைச்சல் இருந்ததும் உண்மைதான். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் இருவருக்கும் முதலில் குறும்பியை எடுத்துவிட்டு, பிறகு ஒலிபுகா அறையில் சோதனைக்கு அனுப்பினார். என் சோதனைத் தாளையும் அம்மாவின் தாளையும் பக்கத்தில் வைத்தபோது, தாழ்ந்த அதிர்வெண்ணான 250 ஹெர்ட்ஸில் 30 டெசிபலில் தொடங்கிய அம்மாவின் கோடு, உயர்ந்த அதிர்வெண்ணான 4000 ஹெர்ட்ஸில் 65-க்குச் (டெசிபல் கூடக் கூடக் கேட்கும் திறன் குறைவு) சரிந்திருந்ததை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாப்பா சொல்லுறது வெளங்குமா?" என்று மட்டும் கேட்டார். அதுவே சம்மதம். ஆனால் ஒரு காதில் மட்டும், ஓரிரு நாளில், திடீரெனக் கேட்காமல் போனால் இப்படியெல்லாம் பக்குவமாகக் காத்திருக்கக் கூடாது. அது அவசர நிலை, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

2022 ஆகஸ்டில் இரு காதுக்கும் 62,000 ரூபாய்க்கு வாங்கினோம். முதல் வாரம் மின்விசிறி, தட்டு, செய்தித்தாள் எல்லாமே இரைந்ததால் அம்மா கழற்றி வைத்துவிட்டார். கருவியைப் பொருத்தித் தந்த செவித்திறன் நிபுணர் (ஆடியாலஜிஸ்ட்) ஒலியைக் குறைத்து, நாளுக்கு இரண்டு மணி நேரத்தில் தொடங்கச் சொல்லி, படிப்படியாகக் கூட்டினார். நான்காவது வாரம் ஒரு காலை, தாளிக்கும்போது கரண்டியைப் பிடித்தபடி அம்மா அப்படியே நின்றுவிட்டார். எண்ணெயில் கடுகு வெடிக்கும் ஓசை அவருக்குக் கேட்டிருக்கிறது. அத்தனை ஆண்டுகளாகக் கண்ணால் பார்த்தே தாளித்து வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒலியின் தெளிவைப் பொறுத்தவரை இந்த மூன்றாண்டுகளில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் பேட்டரி மீதுதான். பழுப்பு நிற ஒட்டுத்தாளுடன் வரும் 312 எண் பேட்டரி, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. தாளை உரித்ததும் துளைகள் வழியே காற்று புகுந்து அது வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரு நிமிடமாவது வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். உரித்த தாளைத் திரும்ப ஒட்டினாலும் பயனில்லை. எங்களுக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு நாள் வருகிறது, ஆனால் இரண்டு காதிலும் ஒரே நாளில் தீர்வதில்லை. மூட்டுவலியால் விரல் வளைந்த அம்மா, நான் அலுவலகத்தில் இருக்கும்போது எச்சரிக்கை ஒலி கேட்டால், கட்டிலில் வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் வைத்து மாற்றப் பார்ப்பார். பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு அழுத்தியதில், நகம் அளவுள்ள அந்த மூடியின் கீல் மூன்றாண்டில் இரண்டு முறை உடைந்துவிட்டது. மூடி மட்டும் இங்கே கிடைக்காது, முழுக் கருவியையும் அனுப்ப வேண்டும் என்று விற்ற கடையில் இரண்டு முறையும் சொன்னார்கள். வாங்கும்போது, பேட்டரி மாற்றுவது மிகச் சுலபம் என்று சொன்னவர்களும் அவர்கள்தான். மின்னேற்றம் செய்யும் வகைக்கு இருபதாயிரம் கூடுதல் என்றதும் வேண்டாமென்று சொன்னது நான்.

அந்தப் பதினாறு நாளும் இடது காது மட்டும் வேலை செய்ததில், ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் அம்மா எதிர்ப்பக்கம் திரும்பினார். சில நாளில் திரும்புவதையே விட்டுவிட்டார். மாலையில் கூடத்துக்கு வராமல் அறையிலேயே இருந்தார். பழைய அம்மாவை, 2021-இன் அம்மாவை, மீண்டும் பார்த்தேன்.

ஆகையால் ஒலிக்கு முழு மதிப்பெண் கொடுத்த பிறகும் சொல்கிறேன்: விரலில் பிடிமானம் குறைந்தவருக்கு இந்த வகையை வாங்காதீர்கள். மின்னேற்றும் வகையோ, அது முடியாதென்றால் ஆரஞ்சு ஒட்டுத்தாளுடன் வரும் சற்றே பெரிய 13 எண் பேட்டரி போடும் கருவியோ வாங்குங்கள். மூடி உடைந்தால் உள்ளூரிலேயே மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தோழிக்கும் இதையே சொன்னேன். பணம் கட்டுவதற்கு முன் கருவியை அப்பாவின் கையில் கொடுத்து, கடைக்காரரோ நீங்களோ கை வைக்காமல், அவரே மூன்று முறை பேட்டரி மாற்றிக் காட்டும் வரை காத்திருங்கள்.