காப்பியும் மிளகும் சேர்ந்த தோட்டம் எத்தனை? எண்ணுவதற்கு எந்தக் கணினி ஃபங்ஷன் நல்லது?

ஏற்காட்டில் தோட்டம் வைத்திருக்கிறவர்களிடம் என்ன பயிர் என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடைப்பது அரிது. காப்பிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக் மரத்திலேயே மிளகுக்கொடி ஏறியிருக்கும், நடுவில் நாலு ஆரஞ்சு மரமும் நிற்கும். அதனால்தான் பயிர்வாரியாக எண்ணிக் கூட்டினால் கணக்கு உதைக்கிறது. விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை: மொத்தம் 40 தோட்டம், அதில் காப்பி 31, மிளகு 24, ஆரஞ்சு 12. கூட்டினால் 67 வருகிறது!

ஒவ்வொரு தோட்டமும் ஒரே ஒரு வகைக்குள் விழ வேண்டும். மூன்று பயிர் என்றால் எட்டு வகை, 'எதுவும் இல்லை' என்பதையும் சேர்த்து.

ஒரு தோட்டத்துக்கு ஒரு வரிசை, ஒரு பயிருக்கு ஒரு நெடுவரிசை, பயிர் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று பதிந்துகொண்டால், எக்செல்லில் பல நிபந்தனைகளுக்குப் பொருந்தும் வரிசைகளை எண்ணும் கவுண்டிஃப்ஸ் (COUNTIFS) போட்டு எட்டு சூத்திரம் எழுதலாம். ஆனால் காப்பி 1, மிளகு 1 என்று மட்டும் எழுதிவிட்டு ஆரஞ்சு 0 என்ற நிபந்தனையை விட்டால், காப்பியும் மிளகும் மட்டும் உள்ள 14-க்குப் பதிலாக 22 வரும், மூன்றும் வைத்திருக்கிற 8 பேரும் உள்ளே வந்துவிடுவதால். 22-ம் சரியான எண்தான், ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். ஐந்து பயிர் ஆனால் 32 சூத்திரம், அதற்கு மேல் எக்செல் பக்கம் போகாதீர்கள்.

என் ஓட்டு, புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) மொழியின் டேபிள் (table) ஃபங்ஷனுக்கு. மூன்று நெடுவரிசையைக் கொடுத்தால் போதும், எட்டு வகையும் வந்துவிடும். அதைவிட முக்கியம், ஆளே இல்லாத வகையையும் 0 என்று காட்டும். காப்பி இல்லாமல் மிளகும் ஆரஞ்சும் மட்டும் உள்ள தோட்டம் என் கணக்கில் 0, அந்த 0 கண்ணில் பட்டால்தான் மிளகு காப்பியின் நிழல்மரத்தை நம்பி நிற்கிறது என்று யோசிக்கவே தோன்றும். ஒரு குறை உண்டு: பதில் எழுதாமல் விட்ட இடம் என்ஏ (NA, அதாவது மதிப்பு இல்லை) என்று இருந்தால் அந்தத் தோட்டத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், யூஸ்என்ஏ (useNA) என்ற அமைப்பைச் சேர்த்தால்தான் காட்டும்.

ஆர் மொழிக்குத் தனியாக நிறுவும் லிம்மா (limma) பேக்கேஜில் உள்ள வென்கவுண்ட்ஸ் (vennCounts) மரபணு ஆய்வுக்காரர்கள் பயன்படுத்துவது. ஒன்றின்மேல் ஒன்று படியும் வட்டங்களால் ஆன வென் படம் வரைய வேண்டுமென்றால் அதை எடுங்கள், விளைச்சல் கிலோ கணக்கில் இருந்தால்கூட சுழியமா இல்லையா என்று மட்டும் பார்த்து 0, 1 ஆக்கிக்கொள்ளும். வெறும் எண்ணிக்கைக்காக அந்த பேக்கேஜை நிறுவ வேண்டியதில்லை.

பைத்தான்காரர்களுக்கு இரண்டு வழி. அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் (pandas) நூலகத்தில் வேல்யூ கவுண்ட்ஸ் (value_counts) ஒரே வரியில் முடித்துவிடும், வேகமும் உண்டு, ஆனால் ஆளில்லாத வகை பட்டியலில் இருக்காது, பதில் விடுபட்ட வரிசையும் தானாகக் கழிந்துவிடும். இன்னொன்று, ஒவ்வொரு தோட்டத்தின் பயிர்களையும் ஒரு ஃப்ரோசன்செட்டாக (frozenset, மாற்ற முடியாத தொகுப்பு) கட்டி, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்டரிடம் (Counter) கொடுப்பது (சாதாரண செட்டைக் கொடுத்தால் பிழை வரும், மாறக்கூடிய பொருளைச் சாவியாக வைத்துக்கொள்ள முடியாது). பயிர் பத்து ஆகும்போது இதன் அருமை தெரியும்: டேபிள் 1,024 கட்டத்தைக் கொட்டும், அதில் பெரும்பாலும் 0, கவுண்டரோ நிஜத்தில் இருக்கும் சேர்க்கைகளை மட்டும் தரும். ஆனால் கவனம், பயிர் எதுவுமே இல்லாதவரும் பதிலே சொல்லாதவரும் இதில் ஒரே காலி செட்டாக ஆகிவிடுவார்கள். நாகலூர் வரை நடந்துபோய் ஒருவரிடம் கேட்டு வந்த பதிலும் கேட்காமல் விட்ட வீடும் ஒன்றாகிவிடக் கூடாது இல்லையா, அதனால் பதில் சொல்லாதவர்களை எண்ணுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

எதை எடுத்தாலும் சரி, முடிவை எழுதும் முன் எல்லா வகையையும் கூட்டிப் பாருங்கள். காப்பி மட்டும் 6, மிளகு மட்டும் 2, ஆரஞ்சு மட்டும் 1, காப்பி மிளகு 14, காப்பி ஆரஞ்சு 3, மிளகு ஆரஞ்சு 0, மூன்றும் 8, எதுவும் இல்லை 6. மொத்தம் 40 வர வேண்டும். 39 வந்தால் விடுபட்ட அந்த ஒரு தோட்டத்தைத் தேடிப் பிடித்துவிட்டு அப்புறம் படம் வரையலாம்.