மூன்று குரலா, நான்கு பேரா?

ராக் பாடகர்களான கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரும் தங்கள் பெயரையே தலைப்பாக வைத்து 1969 மே மாதம் வெளியிட்ட முதல் ஆல்பம் ஒன்று. நான்காவதாகப் பாடகரும் கிட்டார் கலைஞருமான நீல் யங்கையும் சேர்த்துக்கொண்டு 1970 மார்ச்சில் கொண்டுவந்த 'டேஜா வூ' இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், நடுவில் ஓடியது பத்தே மாதம் என்று நம்புவது கஷ்டம். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது இரண்டாவதுதான். முதலாவது ஆறாம் இடத்தைத் தாண்டவில்லை. இருந்தாலும் குரல்களுக்காகக் கேட்பதென்றால் என் ஓட்டு பழையதற்கே.

நாஷ் மேலே, கிராஸ்பி நடுவில், ஸ்டில்ஸ் கீழே. மூவரும் சேர்ந்து பாடும்போது பெரும்பாலும் இதுதான் குரல்களின் அடுக்கு. முதல் ஆல்பத்தின் 'ஹெல்ப்லெஸ்லி ஹோப்பிங்' பாட்டில் இதைக் கூர்ந்து கேட்கலாம். துணைக்கு அகூஸ்டிக் கிட்டார் மட்டும்தான், டிரம்ஸ் கிடையாது. சுருதி கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மேல்குரல் தானாகக் காதில் விழும். அதை விட்டுவிட்டு நடுக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சேர்ந்திசையின் நிறமே அங்கேதான் இருக்கிறது. 'க்வினெவியர்' பாட்டில் ஸ்டில்ஸ் பாடவே இல்லை. கிராஸ்பியும் நாஷும் மட்டும். இரண்டு குரல் என்று சொன்னால்தான் தெரியும்.

இந்த ஆல்பத்தில் பேஸ், ஆர்கன், லீட் கிட்டார் என்று டிரம்ஸ் தவிர ஏறக்குறைய எல்லாமே ஸ்டில்ஸ் வாசித்ததுதான். வாசிப்பது ஒரே ஆள் என்பதால் வாத்தியங்களுக்குள் போட்டி இல்லை, குரல்களுக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது.

'டேஜா வூ' வேறு மாதிரி. கிராஸ்பியின் காதலி கார் விபத்தில் இறந்திருந்தார். ஸ்டில்ஸின் காதலும் முறிந்திருந்தது. ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு மனநிலை. 'டீச் யுவர் சில்ட்ரன்', 'அவர் ஹவுஸ்' இரண்டிலும் யங் இல்லவே இல்லை. 'ஆல்மோஸ்ட் கட் மை ஹேர்' கிராஸ்பி தனியாகக் கத்திப் பாடுவது. பின்னால் ஸ்டில்ஸும் யங்கும் எலெக்ட்ரிக் கிட்டாரில் மல்லுக்கட்டுகிறார்கள். அருமையான சண்டைதான், ஆனால் குரல்கள் இணைந்து ஒலிக்கும் ஹார்மனிக்கு அங்கே வேலை இல்லை.

நியாயமாகச் சொன்னால், 'கேரி ஆன்' நடுவில் வாத்தியங்கள் சட்டென்று நின்று வெறும் குரல்கள் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகள் முதல் ஆல்பத்தின் எந்த இடத்துக்கும் குறைந்ததல்ல. 'டீச் யுவர் சில்ட்ரன்' பாட்டில் 'கிரேட்ஃபுல் டெட்' குழுவின் ஜெர்ரி கார்சியா வாசித்த பெடல் ஸ்டீல் கிட்டார் (கிடத்தி வைத்து, தந்திமேல் உலோகத் துண்டை நழுவவிட்டு வாசிப்பது), குரல்களை ஒட்டியே நடந்து வருகிறது. அப்புறம் '4 + 20'. ஸ்டில்ஸ் ஒற்றைக் கிட்டாரோடு தனியாகப் பாடியது. மற்றவர்களும் சேர்ந்து பாட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். இப்படியே நன்றாக இருக்கிறது என்று அவர்கள்தான் மறுத்துவிட்டார்கள்.

கிட்டாருக்காகக் கேட்பவர்கள் 'டேஜா வூ'விலேயே தொடங்கலாம். மற்றவர்கள் முதல் ஆல்பத்தை எடுங்கள், அதுவும் ஹெட்ஃபோனில்.