ஃபோர்ட் கேனிங் பார்க்: பல வருஷமா நடந்து பாத்ததுல சொல்றேன்

சிங்கப்பூர் வர்ற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஃபோர்ட் கேனிங்னா அந்த ட்ரீ டனலத்தான், அதான் சுழல் படிக்கட்டுக்கு மேல மரம் தெரியுற சுரங்கப்பாதையத்தான் கேக்குறாங்க. தோபி காட் எம்ஆர்டில இறங்கி, க்யூல நின்னு, சுழல் படிக்கட்டுல ஒரு போட்டோ எடுத்துட்டு அப்படியே திரும்பிடுறாங்க, எனக்கு மனசே ஆறல, ஏன்னா அந்தப் படிய ஏறினா மேல 700 வருஷ வரலாறு இருக்கு.

வேலை முடிஞ்சா சாயந்தரம் எனக்கு வாக்கிங் இங்கதான். அந்தக் காலத்துல ராஜாக்களோட இடம்னு சனங்க ஏறப் பயந்த மலை இது, புக்கிட் லாராங்கான்னு பேரு, மலாய்ல 'தடை செஞ்ச மலை'ன்னு அர்த்தம். அது வெறும் கதைன்னு நெனச்சவங்களுக்கு 1984ல நடந்த அகழாய்வு பதில் சொல்லிடுச்சு, 14ஆம் நூற்றாண்டு சீனப் பீங்கான், கண்ணாடி மணி எல்லாம் கெடச்சுது. அதுக்கும் முன்னாடி 1920கள்ல ரிசர்வாயருக்குத் தோண்டும்போது தங்க நகை வந்துச்சு, அதுல ஒரு கைவளையத்துல இருக்குற முகம் அப்படியே நம்ம கோயில் தோரணத்துல பாக்குற கீர்த்திமுகம்தான்! ஜாவா வேலைப்பாடு. மலை அடிவாரத்துல நேஷனல் மியூசியத்துல வச்சிருக்காங்க, மொதல்ல அதப் பாத்துட்டு மலை ஏறுங்க, நடக்குற மண்ணே வேற மாதிரி தெரியும்.

எனக்குப் புடிச்ச எடம் ஃபோர்ட் கேனிங் க்ரீன். கச்சேரி நடக்குற புல்வெளி, ஆனா அது பழைய கிறிஸ்தவக் கல்லறை, சுத்தி இருக்குற செங்கல் சுவத்துல கல்லறைக் கல்லுங்கள பதிச்சிருக்காங்க. கடல் தாண்டி வந்து சின்ன வயசுலயே போனவங்க எத்தன பேரு, ஒவ்வொண்ணா படிச்சா நேரம் போறதே தெரியாது.

ஸ்பைஸ் கார்டன் சின்னதுதான், சிங்கப்பூர்ல பிரிட்டிஷ் குடியேற்றத்த ஆரம்பிச்ச ராஃபிள்ஸ் 1822ல ஜாதிக்காய், கிராம்புன்னு போட்ட தோட்டத்த நெனவுபடுத்துற மாதிரி வச்சது. மலை மேல இருந்த பழைய பிரிட்டிஷ் கோட்டைல இப்ப கேட்டும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம். ஆனா பேட்டில்பாக்ஸ விட்றாதீங்க, 1942 பிப்ரவரி 15 காலைல பிரிட்டிஷ் படைத் தளபதி பெர்சிவல் ஜப்பான்கிட்ட சரணடையலாம்னு முடிவெடுத்த பங்கர் அது, அந்த ரூம்ல நிக்கும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்குது.

கொறைன்னா ஏத்தம்தான், மத்தியான வெயில்ல வயசானவங்கள கூட்டிட்டு வராதீங்க. மழை பேஞ்சா செங்கல் படி வழுக்கும், ஷூ முக்கியம். முட்டி வலி இருந்தா மியூசியத்துக்குப் பின்னாடி எஸ்கலேட்டர் இருக்கு, அதுல ஏறிட்டு எறங்கும்போது ட்ரீ டனல் பக்கம் எறங்குங்க, போட்டோவும் ஆச்சு.